காரணமுள்ள பயம்

மரியபுஷ்பம் என்னைப் பார்க்க வந்த அன்று ஆனி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காரைமட்டத்திலிருந்து சோலைக்கொம்பைக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொரு மணிக்கு எங்கள் தாலுகா மருத்துவமனையில் என் அறை வாசலில் நிற்கலாம். அப்படி நேரில் வருகிறவர்கள் அந்த வருடம் மிகவும் குறைந்துபோயிருந்தார்கள். மலையில் உள்ள எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் 'துணை' வந்துவிட்டிருந்தது.

துணை என்பது ஒரு கண்ணாடி அறை. உள்ளே ஒரு நாற்காலியும் ஒரு திரையும் இருக்கும். உட்கார்ந்து பேசினால் முகத்தையும் குரலையும் நாடித்துடிப்பையும் விரல் நுனி வியர்வையையும் அதுவே கவனித்துக்கொள்ளும். பதற்றம், தூக்கமின்மை, காரணம் தெரியாத படபடப்பு என்று வருகிறவர்களுக்கு எட்டு நிமிடத்தில் மருந்துச் சீட்டு அச்சாகி வெளியே வரும். பக்கத்து ஜன்னலில் மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம். நான் அதை மனதார வரவேற்றவன். ஒரு முழு மலை மாவட்டத்துக்கு ஒரே மனநல மருத்துவராக இருபது வருடம் உட்கார்ந்திருந்தவனுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மரியபுஷ்பம் எனக்குப் பழைய நோயாளி. காரைமட்டம் தேயிலைத் தொழிற்சாலையில் இலை பிரிக்கும் வேலை. வயது முப்பத்தொன்பது. மழை பிடித்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும், மூச்சு முட்டும், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவு தன் மேல் விழுந்துவிடும் என்று தோன்றும். நான்கு வருடங்களுக்கு முன் எஸ்சிடாலோபிராம் என்ற பதற்ற மாத்திரையை ஆரம்பித்துக் கொடுத்தேன். நன்றாகத் தேறிவிட்டார். கடைசி இரண்டு வருடம் துணையிடமே மூன்று மாதத்துக்கு ஒருமுறை சீட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

அன்று கணவர் சவரிமுத்துவும் கூட வந்திருந்தார். மரியபுஷ்பம் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, நான்காக மடித்த காகிதத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார்.

'உங்கள் அச்சம் சிகிச்சைக்குரியதாகக் கண்டறியப்படவில்லை. மருந்து வழங்க இயலாது. நன்றி.'

"நான் நடிக்கிறேன்னு சொல்லுதா டாக்டர் இது?" என்றார்.

"மாத்திரை நின்னு எத்தனை நாளாச்சும்மா?"

"பத்தொம்பது நாள். தலைக்குள்ள கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கு. கண்ணத் திருப்பினா சுர்ருங்குது. கை பாருங்க."

கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. படிப்படியாகக் குறைக்க வேண்டும். இது துணைக்கும் தெரியும்.

"மழை வந்தா போதும் டாக்டர்" என்றார் சவரிமுத்து. அவர் அதே தொழிற்சாலையில் ராத்திரி ஷிப்டில் உலர்த்தும் அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவர். "நான் ஷிப்ட் முடிச்சு வந்து படுத்திருப்பேன். எழுப்பி இழுத்துக்கிட்டு ரோட்டுக்குக் கீழ இருக்கற இவ தங்கச்சி வீட்டுக்குப் போயிடறா. போன வாரம் மட்டும் மூணு தடவ. அதோட விட்டா பரவாயில்ல. எங்க எஸ்டேட் லைன்ல வரிசையா இருக்கற ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, வாங்க வாங்கன்னு கூப்பிடறா. மொதல்ல சிரிச்சாங்க. இப்ப நாலஞ்சு பேரு இவ பின்னாலயே எறங்கி வர்றாங்க."

"பயமா இருந்தா என்ன பண்றது?" என்றார் மரியபுஷ்பம், கணவரைப் பார்க்காமல்.

அவர்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத் துணையின் உதவி எண்ணுக்குப் பேசினேன். நான்கு பேர் கைமாறி, கடைசியில் சென்னையிலிருந்து வைதேகி என்ற பொறியாளர் திரையில் வந்தார். சின்ன வயதுதான். பொறுமையாகப் பேசினார்.

"சிஸ்டம்ல தப்பு ஒண்ணும் இல்ல சார். அவங்களுக்குப் பயம் இருக்குன்னு நல்லாவே பதிவாகியிருக்கு. நூத்துக்கு எண்பத்தொண்ணு. ரொம்ப அதிகம்."

"அப்புறம் ஏன் மருந்து தரல?"

"போன சித்திரையில இருந்து முறைய மாத்தியிருக்கோம் சார். நிறையப் பேரு தேவையில்லாம இந்த மாத்திரைய சாப்பிடறாங்கன்னு ஒரு புகார் இருந்துச்சு. அதனால இப்ப பயத்த மட்டும் பாக்கறதில்ல. அந்த ஆளுக்கு உண்மையிலேயே என்ன ஆபத்து இருக்குன்னும் பாக்கும். பயத்துல இருந்து ஆபத்தக் கழிக்கும். மிச்சம் இருந்தாத்தான் நோய். மிச்சம் இல்லன்னா, பயப்பட வேண்டியதுக்குத்தான் பயப்படறாங்கன்னு அர்த்தம். அதுக்கு மருந்து குடுக்க முடியாது இல்லையா?"

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மருத்துவக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதான். புலியைப் பார்த்துப் பயப்படுகிறவனுக்கு நோய் இல்லை.

"ஆபத்து இருக்குன்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அரசாங்கத்துகிட்ட இருக்கற எல்லாத் தகவலும் உள்ள வரும் சார். ரத்தப் பரிசோதனை, போலீஸ் கேஸ், கம்பெனி மூடற நோட்டீஸ், அணைத் தண்ணி, மண் ஈரம், ரோடு விபத்து. நூத்துக்கணக்குல இருக்கு."

"சரி, இந்தம்மாவுக்கு என்ன ஆபத்து?"

"அது சொல்ல முடியாது சார்."

"நான் அவங்க டாக்டர்."

"மறைக்கறேன்னு நெனைக்காதீங்க. எங்களுக்கே தெரியாது. எல்லாம் ஒண்ணாக் கலந்து ஒரே நம்பராத்தான் வெளிய வரும். வேணும்னுதான் அப்படிக் கட்டியிருக்கு. இல்லன்னா பாருங்க, புருஷனுக்கு இருக்கற நோய் பொண்டாட்டிக்குத் தெரிஞ்சிடும். ஒரு மில்லு மூடப்போறது ஊருக்கே தெரிஞ்சிடும். சட்டப்படி தப்பு." கொஞ்சம் நிறுத்தி, "நம்பர் அதிகமா வந்தா மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு தானாப் போயிடும் சார். அவங்க பாத்துப்பாங்க" என்றார்.

மாவட்ட நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்பதை நானும் நம்பினேன். சவரிமுத்துவை உள்ளே அழைத்து இதயப் பரிசோதனை செய்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருந்தன. தொழிற்சாலையை மூடப் போகிறார்களா என்று கேட்டேன். அப்படி ஒரு பேச்சு மூன்று வருடமாக இருக்கிறது என்றார். அதுவாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்துகொண்டேன். மண் ஈரம் என்று வைதேகி சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. அதோடு சரி. காரைமட்டத்தில் வேறு யாருக்காவது இப்படிச் சீட்டு வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே இன்னும் பதினாறு பேர் காத்திருந்தார்கள்.

நேரில் பார்த்த மருத்துவர் தன் கையால் எழுதினால் துணையின் மறுப்பை மீறி மருந்து கொடுக்கலாம். அந்த ஒரு விதியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். மரியபுஷ்பம் என் எதிரில் உட்கார்ந்து, நடுங்குகிற கையை இன்னொரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் எழுதினேன். பழைய மாத்திரையை முழு அளவில் எழுதி, முதல் இரண்டு வாரம் படபடப்புக்கு அரை மாத்திரை குளோனாசிபாமும் சேர்த்தேன்.

"இனிமே கதவத் தட்ட மாட்டேன் இல்ல டாக்டர்?" என்று கேட்டார்.

"மாட்டீங்கம்மா. நல்லாத் தூங்குவீங்க."

மூன்று வாரம் கழித்து போன் செய்தார். தூக்கம் வருகிறது, சாப்பாடு இறங்குகிறது, மழை பெய்தால் மழை பெய்கிறது என்று மட்டும் இருக்கிறது என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. ஒரு மருத்துவனுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்.

ஆடி ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டே கால் மணிக்குக் காரைமட்டத்துக்கு மேலே இருந்த சரிவு அறுபது ஏக்கர் தேயிலையோடு கீழே வந்தது. மூன்று லைன் வீடுகள் இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு வந்த சில்வர் ஓக் மரங்களும் கிடந்தன. நாற்பத்தோரு பேர் இறந்தார்கள். தொழிற்சாலை அரை கிலோமீட்டர் தள்ளி இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. பகல் ஷிப்டில் இருந்தவர்கள் தப்பினார்கள்.

மூன்றாம் நாள் நான் நிவாரண முகாமுக்குப் போனேன். பள்ளிக்கூடத்தின் ஐந்தாம் வகுப்பு அறையில் மரியபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். நான் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"காலைல ஷிப்ட் முடிச்சு வந்தாரு" என்றார். "மழை வலுத்துட்டே இருந்துச்சு. தங்கச்சி வீட்டுக்குப் போலாமா புஷ்பம்னு அவரே கேட்டாரு. பழக்கதோஷம். எனக்கு ஒண்ணுமே இல்ல டாக்டர். நெஞ்சு அடைக்கல. மூச்சு முட்டல. நீங்க படுத்துத் தூங்குங்க, நான் வேலைக்குப் போயிட்டு வந்துடறேன்னு சொன்னேன். எதிர் வீட்டு ஞானசுந்தரி வாசல்ல நின்னு, என்னக்கா இன்னைக்கு எறங்கலையான்னு கேட்டா. எதுக்குடின்னு கேட்டேன். அவளும் உள்ள போயிட்டா."

சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்.

"உங்க மாத்திரை நல்லா வேலை செஞ்சுது டாக்டர்."

அவர் என்னைக் குத்திக்காட்டச் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நடந்ததைச் சொன்னார். குத்திக்காட்டியிருந்தால் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

வராண்டாவில் காரைமட்டம் சுகாதார நிலையத்தின் செவிலியர் காந்திமதி நின்றிருந்தார். துணை இருக்கும் கண்ணாடி அறைக்கு அவர்தான் பொறுப்பு. என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் காட்டினார்.

"வைகாசி, ஆனி ரெண்டு மாசத்துல பதினாலு பேருக்கு மருந்து இல்லைன்னு வந்துச்சு சார். எனக்கு வித்தியாசமாத் தெரிஞ்சுது. பேரு எழுதி வச்சேன். பதினாலு பேரும் இந்த மூணு லைன்காரங்கதான். ரோட்டுக்குக் கீழ இருக்கறவங்களுக்கெல்லாம் எப்பவும் போலக் குடுத்துச்சு."

"யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"யாருகிட்ட சார் சொல்றது? மிஷின் ரிப்பேரோன்னு ஒரு கம்ப்ளைன்ட் போட்டேன். சரியா இருக்குன்னு பதில் வந்துச்சு."

விசாரணைக் குழு ஆவணி மாதம் உட்கார்ந்தது. நானும் காந்திமதியும் சாட்சி சொன்னோம். துணை பதினான்கு குறிப்புகளை அனுப்பியிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் மாவட்டம் முழுவதிலிருந்தும் அப்படி நாலாயிரத்துச் சொச்சம் குறிப்புகள் போயிருந்தன. எதிலும் காரணம் இல்லை, எண் மட்டும் இருந்தது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. குழுவின் அறிக்கை இரண்டு வரியில் முடிந்தது. அமைப்பு விதிகளின்படி சரியாகச் செயல்பட்டுள்ளது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் மனிதத் தலையீட்டால் அதன் முடிவு மீறப்பட்டுள்ளது. அந்த ஓர் இடம் நான். என் மீது நடவடிக்கை எதுவும் எடுக்கவில்லை. நேரில் பார்த்து எழுதியதால் என் பக்கம் சட்டப்படி குற்றம் இல்லையாம்.

ஆனால் செய்தி மலையெல்லாம் பரவிவிட்டது. துணை மருந்து மறுத்தால் உயிருக்கு ஆபத்து என்று சனங்கள் தாங்களாகவே புரிந்துகொண்டார்கள். புரட்டாசியில் ஒவ்வொரு சுகாதார நிலையத்திலும் வரிசை நின்றது. நல்ல திடகாத்திரமான ஆட்கள், வாழ்க்கையில் ஒரு நாள் தூக்கம் கெடாதவர்கள், கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்து 'பயமா இருக்கு' என்று சொல்லிப் பார்த்தார்கள். துணையை அப்படி ஏமாற்ற முடியாது. 'உங்களிடம் அச்சம் காணப்படவில்லை' என்று ஒரு புது வாசகம் வர ஆரம்பித்தது. கழிப்பதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். பயமே இல்லாதவனிடம் அது எதைக் கழித்துப் பார்க்கும்? காரைமட்டத்துக்குப் பிறகு மலையில் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது உண்மைதான். துணை கேட்கிற அளவுக்கு, எண்பதுக்கு மேல் போகிற பயம், சாதாரண மனிதனுக்கு எளிதில் வருவதில்லை.

மரியபுஷ்பத்துக்கு வந்தது.

விபத்துக்குப் பிறகு அவர் மாத்திரைகளை நிறுத்திவிட்டிருந்தார். நான் இரண்டு தடவை தேடிப் போய்ப் பேசியும் வாயில் போடமாட்டேன் என்றுவிட்டார். தங்கை வீட்டு மூலையில், மழை பெய்கிற நாளெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐப்பசியில் மூலக்கடவுக்காரர்கள் வந்து அவரைக் கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் வந்து பத்து நாள் இருங்கள், பிறகு எங்கள் ஊர் துணையிடம் போய் உட்காருங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசிப் பத்து நாள் ஆள் எங்கே தங்கியிருந்தாரோ அந்த இடத்தின் ஆபத்தைத்தான் அது கணக்கில் எடுக்கும் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள்.

மூலக்கடவில் துணை அவருக்கு மருந்து எழுதியது. அதாவது ஊருக்கு ஆபத்தில்லை. அன்றைக்கு ஊரே சமைத்துப் போட்டதாம். சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார், மாத்திரை வாங்கவில்லை.

கார்த்திகையில் பாலூத்து. அங்கே மறுத்துவிட்டது. அறுபத்து நான்கு குடும்பமும் ஆடு மாடுகளோடு அன்றே இறங்கி, ரோட்டோரம் கீற்றுக் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். அதிகாரிகள் வந்து வதந்தியை நம்பாதீர்கள் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். ஒன்பதாம் நாள் பாலூத்தின் பாதி ஊர் ஓடைக்குள் போனது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

அதன் பிறகு அவரைச் சும்மா விட ஆள் இல்லை. அடுத்த ஆனி, ஆடியில் மூன்று ஊர்கள் அழைத்துப் போயின. ஜீப் வைத்துக் கூட்டிப்போய், இருப்பதிலேயே நல்ல வீட்டில், மலைப் பக்கம் ஜன்னல் இருக்கிற அறையில் தங்கவைப்பார்கள். மழை பிடித்ததும் அவர் நடுங்குவார், வாந்தி எடுப்பார், கதவைப் பிறாண்டுவார். வீட்டுப் பெண்கள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்திருப்பார்கள். சிலர் அழுவார்களாம். ஆனாலும் பத்து நாளும் முடிந்த பிறகுதான் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போவார்கள்.

இதையெல்லாம் காந்திமதி அவ்வப்போது போனில் சொல்வார். ஒரு மருத்துவனாக நான் இதை நிறுத்தியிருக்க வேண்டும். பாலூத்தின் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சேர்ந்து நிற்கும் ஒரு படத்தை அவர் எனக்கு அனுப்பியிருந்தார். அதைப் பார்த்த பிறகு நான் எதையும் நிறுத்தவில்லை.

இந்த ஐப்பசி ஆறாம் தேதி மரியபுஷ்பம் மறுபடியும் என் அறைக்கு வந்தார்.

முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. எடை பார்க்கச் சொன்னேன். முப்பத்தேழு கிலோ. முன்தலையில் முடி கொட்டியிருந்தது. நகங்கள் சதை வரை கடிக்கப்பட்டிருந்தன. கதவு சாத்துகிற சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது.

"மாத்திரை வேணும் டாக்டர்" என்றார். "இந்த மழைக்கு என்னால முடியாது."

"வெளிய யாரும்மா நிக்கறாங்க?"

"ஊத்துக்குழிக்காரங்க. கூட்டிட்டுப் போக வந்தாங்க. போற வழியில டாக்டரப் பாத்துட்டு வரேன்னு எறங்கிட்டேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன். எல்லாம் நல்ல சனங்க. என்னைத் தங்கமாப் பாத்துக்கறாங்க. ஆனா ஒவ்வொரு ஊர்லயும் நான் மறுபடி மறுபடி அந்த செவ்வாக்கிழமையத்தான் பாக்கறேன். அவரு மேல மண்ணு விழற சத்தம் கேக்குது. நான் அங்க இல்லவே இல்ல, எனக்கு எப்படிக் கேக்கும்? ஆனா கேக்குது. ஒரு மாசம் தூங்கணும் டாக்டர். ஒரே ஒரு மாசம். அப்புறம் எங்க வேணாலும் போறேன்."

அறைக்கு வெளியே வந்தேன். ஆறேழு பேர் எழுந்து நின்றார்கள். தங்கமாயன் என்று ஒரு கேரட் விவசாயி, ஐம்பது வயதிருக்கும், தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"டாக்டர், மருந்து குடுத்துடாதீங்க" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சலாகவும் சொல்லவில்லை. "பத்தே நாளு. எங்க ஊருக்கு மேல போன வாரம் ஒரு வெடிப்பு விட்டிருக்கு. கை உள்ள போற அளவுக்கு. தாசில்தார் வந்து பாத்தாரு, பழைய வெடிப்புன்னுட்டாரு. எம்பத்து மூணு வீடு டாக்டர். எல்லாத்தையும் விட்டுட்டு எறங்கறதுன்னா எதை நம்பி எறங்கறது? கேரட்டு பிடுங்கற நேரம். அந்தம்மா சொன்னாத்தான் சனம் எறங்கும்."

"அவங்க என் நோயாளி. பாத்தீங்க இல்ல, எப்படி இருக்காங்கன்னு?"

"பாத்தோம்" என்றார் தங்கமாயன். பின்னால் நின்ற ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என் நோயாளிக்கு என்ன குடுக்கணும்னு நான் முடிவு பண்ணிக்கறேன். வெளிய போய் நில்லுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். மரியபுஷ்பம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த நன்றியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

என் மேசையின் கீழ் இழுப்பறையில் சில மாத்திரைகள் எப்போதும் இருக்கும். தூரத்து ஊர்களிலிருந்து வருகிறவர்கள் மருந்தகத்தில் போய் மறுபடி வரிசை நிற்க வேண்டாம் என்று நானே உதிரியாக எண்ணிக் கவரில் போட்டுக் கொடுப்பேன். இடது பக்க டப்பாவில் எஸ்சிடாலோபிராம். வலது பக்க டப்பாவில் பி காம்ப்ளெக்ஸ், வெறும் சத்து மாத்திரை.

எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று தெரியவில்லை. போன தடவை இந்த அம்மாளின் பயத்தை நான் குணப்படுத்தினேன். நாற்பத்தோரு பேர். எண்பத்து மூன்று வீடு என்றால் முந்நூறு பேருக்கு மேல் இருக்கும். எதிரில் முப்பத்தேழு கிலோவில் ஒருத்தி உட்கார்ந்து ஒரு மாதத் தூக்கம் கேட்கிறாள். இதில் எது சரி என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

வலது பக்க டப்பாவிலிருந்து முப்பது எண்ணிக் கவரில் போட்டேன்.

அவர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "கலரு வேற மாதிரி இருக்கே டாக்டர்?"

"கம்பெனி மாறிடுச்சும்மா. மருந்து அதேதான்."

"எத்தனை நாள்ல பிடிக்கும்?"

"உங்களுக்குத்தான் தெரியுமே. ரெண்டு வாரம் ஆகும்."

என் அறையிலேயே தண்ணீர் வாங்கி ஒன்றை விழுங்கினார். கவரை ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தங்கமாயன் ஏதோ கேட்டார். 'குடுத்துட்டாரு' என்று இவர் சொல்லியிருக்க வேண்டும், அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனாலும் ஜீப் கதவைத் திறந்து, கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ரெண்டு வாரம் ஆகும் என்று நான் சொன்னது அவர்களுக்கும் போயிருக்கும். பத்து நாளுக்கு அது போதும் என்று நினைத்திருப்பார்கள். அசல் மருந்து சிலருக்கு ஒரு வாரத்திலேயே வேலையைக் காட்டிவிடும் என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த பத்து நாளும் நான் ஒரு விஷயத்தை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தேன். டாக்டர் கொடுத்தது என்ற நம்பிக்கையிலேயே சிலருக்கு வெறும் மாத்திரையும் பிடித்துவிடும். என் அனுபவத்தில் நூற்றில் முப்பது பேருக்காவது அப்படி ஆகியிருக்கிறது. மரியபுஷ்பத்துக்கு என் மேல் நம்பிக்கை அதிகம். அந்த நம்பிக்கை வேலை செய்துவிடக் கூடாதே என்று, என் நோயாளிக்குக் குணமாகிவிடக் கூடாதே என்று, ஒவ்வொரு நாளும் வேண்டிக்கொண்டேன்.

பதினாறாம் தேதி ஊத்துக்குழி துணை அவருக்கு மருந்தை மறுத்தது. பயம் எண்பத்தேழு. எண்பத்து மூன்று குடும்பமும் இறங்கிவிட்டார்கள். பாலூத்துக்காரர்கள் தங்கள் கொட்டகைகளில் இடம் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஆகிறது. மலை இதுவரை அசையவில்லை. கேரட் மண்ணுக்குள்ளேயே அழுகுகிறது. திரும்பிப் போய்விடலாமா என்று சிலர் பேச ஆரம்பித்திருக்கிறார்கள் என்று காந்திமதி சொன்னார். மழை நிற்கவில்லை.

இன்று காலை மரியபுஷ்பம் நேரில் வந்தார். தனியாகத்தான் வந்தார். கவர் காலியாகவில்லை. ஒரு வேளைகூடத் தவறாமல், எண்ணி எண்ணிச் சாப்பிட்டிருக்கிறார்.

"பிடிக்கலையே டாக்டர்" என்றார். "மிஷின் மறுபடியும் எனக்குப் பயம் எம்பத்தேழுன்னு சொல்லுச்சு. எனக்குள்ளதான் ஏதோ கெட்டுப்போச்சா? போன தடவ நீங்க குடுத்தப்ப எப்படித் தூங்கினேன்."

"சிலருக்குக் கொஞ்சம் நாளாகும்மா."

"நீங்க சொன்னா சரி" என்றார். "எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்ல. நீங்க குடுத்தா சரியாயிடும்."

குனிந்து கீழ் இழுப்பறையைத் திறந்தேன். வலது பக்க டப்பாவிலிருந்து இந்த முறை அறுபது எண்ணிப் போட்டு, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று கவரின் மேல் எழுதிக் கொடுத்தேன்.